வேலூரிலிருந்து இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும்: செவ்வியல் மொழி மைனர் படிக்க விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

வேலூரில் குடியிருப்பவர் இலத்தீன் மொழியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மாதத்தைக் கடத்துவது அரிது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே வரிசையாக இருக்கும் மருந்துக்கடைகளில் நீட்டப்படும் சீட்டில் ‘பி.டி.’ என்று எழுதியிருந்தால் அது ‘பிஸ் தியே’, அதாவது நாளுக்கு இருமுறை. ‘டி.டி.எஸ்.’ என்றால் ‘தெர் தியே சூமெந்தும்’, நாளுக்கு மும்முறை உட்கொள்ளப்பட வேண்டியது. ‘எச்.எஸ்.’ என்பது ‘ஹோரா சொம்னீ’, உறக்கத்தின் வேளையில். பேச்சு வழக்கில் நாமே சொல்லும் ‘எஸ்.ஓ.எஸ்.’ மாத்திரை ‘சீ ஒபுஸ் சித்’ என்பதன் சுருக்கம். ‘தேவைப்படுமாயின்’ என்று பொருள். இந்த நான்கு குறிப்புகளுக்குள் ஆறாம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமைப் பொருள், ‘செய்யப்பட வேண்டியது’ என்னும் வினையடிப் பெயர், ஐயத்தைக் காட்டும் வினை வடிவம் ஆகிய நான்கும் இருக்கின்றன. கல்லூரியில் முதலாண்டு இலத்தீன் வகுப்பு ஏறக்குறைய இவற்றைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

இந்த வழிகாட்டி, பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர்களில், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், பிளஸ் டூ முடிக்கும் நிலையிலோ கல்லூரியின் முதலாண்டிலோ இருந்துகொண்டு, இளங்கலைப் படிப்பில் செவ்வியல் மொழிகளையும் பண்டைய மத்திய தரைக்கடல் நாகரிகங்களையும் துணைப் பாடமாகப் படிக்க எண்ணுபவர்களுக்காக எழுதப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக இருப்பவர்களுக்கும், ஊரிலேயே இருந்து படிப்பவர்களுக்கும் வழி வேறு வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்க

‘மைனர்’ என்ற சொல் நம் பக்கத்தில் வயது வராதவரையோ கழுத்தில் சங்கிலி மின்ன ஊர் சுற்றுபவரையோ நினைவூட்டும் என்பதால், வீட்டில் பேச்சைத் தொடங்கும்போதே விளக்கிவிடுவது நல்லது. முதன்மைப் பாடம் ஒன்றை முழுமையாகப் படித்துக்கொண்டே, அதோடு சேர்த்து வேறொரு துறையில் குறிப்பிட்ட அளவு கிரெடிட்டுகளை, அதாவது பாடங்களின் அளவைக் காட்டும் அலகுகளை, வரிசை தவறாமல் முடித்தால், அந்தத் துறை மதிப்பெண் பட்டியலில் மைனராகப் பதிவாகும். அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் 120 கிரெடிட்டுகள் கொண்டது. மைனருக்கு அதில் 15 முதல் 21 வரை, அதாவது ஐந்து முதல் ஏழு பாடங்கள் தேவைப்படும். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதையே ‘இரண்டாம் புலம்’ என்ற பொருள்படும் வேறு பெயரால் அழைக்கிறது. பிரிட்டனில் பொதுவாக இத்தகைய மைனர் கிடையாது. அங்கே இரண்டு பாடங்களை இணைத்த பட்டங்கள் உண்டு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் 24-ஐயும், நான்காண்டுப் பட்டத்துக்கான 160 கிரெடிட்டில் 32-ஐயும் மைனருக்கு ஒதுக்குகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நமக்குப் பழக்கமானது, முதன்மைப் பாடத்தோடு இணைத்துப் படிக்கும் அலைடு பேப்பரும், வேறு துறையிலிருந்து எடுக்கும் நான் மேஜர் எலெக்டிவும்தான்.

அடுத்தது ‘செவ்வியல் மொழி’ என்ற சொல். இந்திய அரசு 2004-இல் தமிழுக்கும் 2005-இல் சமஸ்கிருதத்துக்கும் செம்மொழித் தகுதியை அறிவித்தது. அந்தப் பட்டியல் பின்னர் நீண்டது. ஆனால் மேலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் செவ்வியல் மொழிகள் என்று இருந்தால், பெரும்பாலும் பண்டைய கிரேக்கமும் இலத்தீனும் மட்டுமே பொருள். ‘பண்டைய மத்திய தரைக்கடல் ஆய்வுகள்’ என்பது இதைவிட அகலமானது. எகிப்து, மெசபடோமியா, பெனீசியா, கார்த்தேஜ், எபிரேயம் ஆகியவையும் அதற்குள் வரும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே ஒரு துறைக்குச் சூட்டியிருக்கிறார்கள். பெயரிலேயே இந்த விரிவு தெரியும் துறை, நம்மைப் போல இந்தியப் பெருங்கடலின் கரையிலிருந்து வருபவருக்குக் கூடுதல் இடம் தரும் என்பது என் கணிப்பு.

முதல் படி: கடைசிப் பக்கத்தை முடிவு செய்தல்

பாடப் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும். மைனர் முடியும் நாளில், மொழிபெயர்ப்பின் துணையின்றி, அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நூலின் எந்தப் பகுதியை நான் படித்திருப்பேன்? இந்த விடை இல்லாமல் தொடங்குபவர்கள், புராணக் கதைகள் பற்றி ஒரு பாடம், உரோமைத் திரைப்படங்கள் பற்றி ஒரு பாடம், விளையாட்டுப் போட்டிகள் பற்றி ஒரு பாடம் என்று கிரெடிட்டைச் சேர்த்து முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சேர்த்த மைனர் தவறில்லை, ஆனால் அதற்குச் செலவான நேரத்தில் மொழியும் கையில் வந்திருக்கும்.

வேலூர் மாணவருக்கு நான் இரண்டு இலக்குகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி எழுதிய 37 தொகுதிகள் கொண்ட இயற்கை வரலாற்றின் ஆறாம் தொகுதியில், எகிப்திலிருந்து சேரநாட்டுத் துறைமுகமான முசிறி வரையிலான கடற்பயணத்தை விவரிக்கும் சில பத்திகள். அதில் பாண்டியனும் மதுரையும் பெயரோடு வருகின்றன. மற்றொன்று, கி.பி. முதலாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதிய ‘எரித்திரியக் கடலின் பெரிபுளூஸ்’, அதாவது செங்கடல், இந்தியப் பெருங்கடல் வழிகளைச் சொல்லும் கடற்பயணக் கையேடு. 66 சிறு அதிகாரங்களே கொண்ட இந்தக் கையேட்டின் நடை அலங்காரமற்றது, சரக்குப் பட்டியல் போன்றது. ஆனால் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே ஒரு பழைய படியை, இன்று ஹைடல்பெர்க்கில் இருப்பதை, நம்பியே நூலின் வாசகம் நிற்பதால் சிதைந்த இடங்கள் உண்டு. இலத்தீன் எடுப்பதா கிரேக்கம் எடுப்பதா என்ற முடிவு, இவற்றில் எதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்பதிலிருந்து தானாகவே வந்துவிடும். மைனரின் அளவுக்குள் இரண்டு மொழிகளையும் எடுப்பது இரண்டையும் அரைகுறையாக விடுவதில்தான் முடியும்.

இரண்டாம் படி: பாடப் பட்டியலின் பொடி எழுத்தைப் படித்தல்

ஒரு துறையின் கீழ் மூன்று வகை மைனர்கள் இருக்கக்கூடும். இலத்தீன் அல்லது கிரேக்கம் என்று மொழியின் பெயராலேயே வழங்கப்படுவது ஒன்று; மொழியே இல்லாமல் வரலாறு, தொல்லியல், இலக்கியம் ஆகியவற்றை மொழிபெயர்ப்பில் படிக்கும் நாகரிக மைனர் இன்னொன்று; இரண்டையும் கலந்தது மூன்றாவது. அமெரிக்கக் கல்லூரிகளில் மைனருக்கென்று தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை என்பதையும், சேர்ந்த பின் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு வாக்கில் அறிவித்தால் போதும் என்பதையும் நினைவில் கொள்க.

உண்மையான சிக்கல் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. சில துறைகள் முதலாண்டு மொழிப் பாடங்களை மைனரின் கணக்கில் சேர்ப்பதில்லை. இடைநிலைப் பாடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. பதினெட்டு கிரெடிட் என்று வெளியில் தெரிவது, எழுத்துகளிலிருந்து தொடங்கும் நமக்கு இருபத்தாறாக வளர்ந்துவிடும். முதன்மைப் பாடத்துக்கும் மைனருக்கும் ஒரே பாடத்தை இரு தடவை கணக்கில் காட்ட எவ்வளவு அனுமதி, எந்தத் தரத்துக்குக் குறைந்தால் அந்தப் பாடம் எண்ணப்படாது, வேறு கல்லூரியில் படித்த எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்பவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொடக்கநிலை மொழி வகுப்பு எந்தப் பருவத்தில் தொடங்குகிறது என்பது. பல இடங்களில் அது ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் மட்டுமே உண்டு. ஜனவரியில் சேர எண்ணினால் எட்டு மாதம் காத்திருக்க நேரும்.

துறையின் உடல்நிலையையும் விசாரிக்க வேண்டும். வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் 2021-இல் தன் செவ்வியல் துறையைக் கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு பிரின்ஸ்டன், செவ்வியல் முதன்மைப் பாடத்துக்குக் கிரேக்கமோ இலத்தீனோ கட்டாயம் என்ற விதியை நீக்கியது. முதலாவது, துறையே நிலைக்காமல் போகலாம் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, மொழி படிக்க வேண்டும் என்ற முடிவு இனி மாணவரின் கையில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், கடந்த மூன்றாண்டுகளில் மேல்நிலை இலத்தீன் அல்லது கிரேக்க வகுப்பு உண்மையிலேயே நடந்ததா, மாணவர் குறைவால் நிறுத்தப்பட்டதா என்பதைப் பழைய கால அட்டவணைகளிலேயே பார்த்துவிடலாம். பட்டியலில் பெயர் இருப்பதும் வகுப்பு நடப்பதும் வேறு.

மூன்றாம் படி: ஊரிலேயே இருப்பவர்களுக்கான வழி

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி ஒன்றில் வரலாறோ ஆங்கிலமோ படிப்பவருக்கு, இலத்தீன் மைனர் என்ற பெயரில் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதன் உள்ளடக்கத்தைப் பெரும்பகுதி கட்டிக்கொள்ள முடியும். வரலாறு முதன்மைப் பாடமானால் பண்டைய நாகரிகங்கள் பற்றிய தாள் அங்கேயே இருக்கும். முதல் பகுதி மொழியாகத் தமிழை எடுத்தவர் சங்க இலக்கியத்தில் யவனர் வரும் பாடல்களைப் பாடமாகவே படிப்பார். மானியக் குழுவின் 2021 விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40% வரை சுவயம் என்னும் அரசின் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியே முடித்துக் கிரெடிட் பெறலாம், ஆயினும் உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பத்துப் பதினைந்து மாணவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், ஒரு கூடுதல் கிரெடிட் சான்றிதழ் வகுப்பைப் பாடத்திட்டக் குழுவின் முன் வைக்க முடியும்.

ஆசிரியரைத் தேடுவதில்தான் நம் ஊரின் செழுமை தெரியும். வேலூர் மறைமாவட்டத்தில், குருமடத்தில் இலத்தீன் படித்த மூத்த குருக்கள் இன்னும் இருக்கிறார்கள். முறையாகக் கேட்டு, வாரம் ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் மறுப்பவர் குறைவு. ‘ஃபாதர், எனக்கு வேற்றுமை உருபு மட்டும் சொல்லிக்கொடுங்கள்’ என்று குறிப்பாகக் கேட்பது, ‘இலத்தீன் கற்றுக்கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிடப் பலன் தரும். வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து செவ்வியல் அரபியைக் கற்பித்து வருகிறது. கிரேக்கத்துக்கும் அரபிக்கும் என்ன உறவு என்று கேட்பவர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் யுனானி மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம் அந்தப் பெயரின் பொருளைக் கேட்டுப் பார்க்கலாம். யுனானி, யவனர் இரண்டுமே அயோனியா என்ற கிரேக்க நிலப்பகுதியின் பெயரிலிருந்து வந்தவை. கிரேக்க மருத்துவமும் வானியலும் ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றதில் பெரும்பகுதி அரபி வழியாகத்தான். ஆகவே அரபி தெரிந்த மேல்விசாரத்து மாணவர் பண்டைய மத்திய தரைக்கடல் ஆய்வில் பின்தங்கியவராக நுழைவதில்லை.

நான்காம் படி: நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் இலத்தீன்

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லும் அறிவுரை. ஆங்கிலவழிப் பாடநூல்கள் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேற்றுமை என்றால் என்ன என்று அவை பத்துப் பக்கம் விளக்கும். ‘பெயரே ஐ ஆல் கு இன் அது கண் விளி’ என்ற நன்னூல் வரிசையை மனப்பாடம் செய்தவருக்கு அந்தப் பத்துப் பக்கம் தேவையில்லை. அவருக்குத் தேவைப்படுவது, நம் எட்டு வேற்றுமைகள் அங்கே எப்படி மடிந்து குறைகின்றன என்ற கணக்கு.

இலத்தீனில் முழுமையாக வழங்கும் வேற்றுமைகள் ஆறு. எழுவாய், ஐ, கு, அது, விளி ஆகிய ஐந்தும் ஏறக்குறைய நேராகப் பொருந்தும். எஞ்சிய ஆல், இன், கண் மூன்றின் வேலையையும் ‘அப்லாத்திவ்’ என்ற ஒரே வேற்றுமை செய்கிறது. பிளினியின் முசிறிப் பயணத் தொடர் இதற்கு அருமையான சான்று: ‘வெந்தோ ஹிப்பலோ நாவிகந்த் தியேபுஸ் க்வத்ராகிந்தா அத் ப்ரீமும் எம்பொரியும் இந்தியை’. ஹிப்பலஸ் காற்றால், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றால், நாற்பது நாட்களில் இந்தியாவின் முதல் வணிகத்துறைக்குக் கடலோடுகிறார்கள் என்பது பொருள். ‘வெந்தோ’ என்பதைக் ‘காற்றால்’ என்றும் ‘தியேபுஸ்’ என்பதை ‘நாட்களில்’ என்றும் நாம் பெயர்க்கிறோம். இலத்தீனுக்கு இரண்டும் ஒரே வேற்றுமை. ‘ரோமா’ என்று கடைசி உயிரை நீட்டிச் சொன்னால் ‘ரோமிலிருந்து’. அதுவும் அதே வேற்றுமை. ஒரு எச்சரிக்கை: ‘இந்தியை’ என்று ஒலிக்கும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ்க் காது இரண்டாம் வேற்றுமை என்று தாவும். அது இங்கே ஆறாம் வேற்றுமை, ‘இந்தியாவின்’. கிரேக்கத்தில் ஐந்து வேற்றுமைகளே உண்டு. அங்கே நம் ‘அது’ உருபுக்கு இணையான வேற்றுமை நம் ‘இன்’ நீக்கப் பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது, ‘கு’ உருபுக்கு இணையானது ஆல், கண் ஆகியவற்றின் பொருளையும் ஏற்கிறது.

ஒலியிலும் நமக்கு வசதி உண்டு. இலத்தீனில் ‘மலும்’ என்றால் தீமை, ‘மாலும்’ என்றால் ஆப்பிள்; குறில் நெடில் பழகிய நமக்கு இது ஓர் இடர்ப்பாடே இல்லை. கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளில் எப்சிலானும் ஈட்டாவும் நம் எ, ஏ போன்றவை. ஓமிக்ரானும் ஓமேகாவும் ஒ, ஓ போன்றவை. செய்யுள் நடையும் குறில் நெடில் அளவையே நம்பியிருப்பதால், அசை பிரித்துப் பழகியவர் உரோமைக் கவிஞர் வெர்ஜிலின் அடிகளை வேகமாக அளந்துவிடுவார்.

‘உர்பெ கப்தா’ என்ற தொடரை ஆங்கில மாணவர்கள் ஒரு வாரம் படிப்பார்கள். ‘நகரம் பிடிபட, வீரர் திரும்பினர்’ என்று நாம் எழுதும் செய எச்சத்தோடு அதை ஒப்பிட்டால் ஒரு மாலையில் விளங்கிவிடும்.

தடுமாற்றம் வரும் இடங்கள் மூன்று. முதலாவது பால் பகுப்பு. நமக்கு உயர்திணை, அஃறிணை என்பது பொருளைச் சார்ந்தது. அங்கே மேசையும் கப்பலும் பெண்பால், கடல் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால் என்று சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்தாக வேண்டும். இரண்டாவது, ‘நேற்று வந்த வணிகன்’ என்று பெயரெச்சத்தால் நாம் முடிப்பதை ‘மெர்காதொர் க்வீ ஹெரீ வேனித்’, அதாவது ‘வணிகன், எவன் நேற்று வந்தானோ’ என்று இலத்தீன் விரிப்பது. அந்த ‘க்வீ’ என்ற சொல் எத்தனை வடிவங்களில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது, கிரேக்கத்தின் மூச்சொலி எழுத்துகள். தீட்டா, ஃபை, கை ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கவே கூடாது.

நூல்களைப் பொறுத்தவரை, நாற்பது பாடங்கள் கொண்ட வீலாக்கின் இலத்தீன் நூல் அட்டவணைகளை ஒழுங்காகத் தரும்; ஓர்பெர்க் எழுதிய நூல் முதல் வரியிலிருந்தே இலத்தீனில் மட்டும் பேசும். நம் மாணவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனெனில் இலக்கணக் கருத்துகள் ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பற்றாக்குறையாக இருப்பது வாசிப்புப் பழக்கம்தான். ஐயம் வந்தால் 1903-இல் வந்த ஆலன்–கிரீனோ இலக்கணம், கிரேக்கத்துக்கு 1920-இன் ஸ்மித் இலக்கணம் இரண்டும் இணையத்தில் இலவசம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் சொல்லைத் தொட்டால் அதன் இலக்கணக் குறிப்பு வந்து நிற்கும். தொடக்கத்தில் அதைத் தொடாமலிருப்பதே ஒழுக்கம். தினமும் நாற்பது நிமிடம் போதும், காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும் இரயிலில் இரண்டு பாடங்களைத் திரும்பப் படித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் உட்காருபவர் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவார்.

ஆறு மாத முடிவில் ஒரு தேர்வு வைத்துக்கொள்ள விரும்பினால் வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுந்தமிழ், அதாவது பேச்சுத்தமிழ், பற்றி அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழ் வினைச்சொல்லை விளக்கும் இலத்தீன் வாக்கியத்தில் பொருள் நமக்கு முன்பே தெரிந்திருப்பதால், மொழி மட்டுமே புதிராக நிற்கும். ஐரோப்பிய மாணவருக்கு இல்லாத இந்த வசதியை நாம் ஏன் விட வேண்டும்?

ஐந்தாம் படி: பருவங்களை அடுக்குதல்

நான்காண்டுப் படிப்பில் முதல் பருவத்திலேயே மொழியைத் தொடங்குபவர், இரண்டு பருவம் தொடக்கநிலை, மூன்றாவது இடைநிலை, நான்காவதிலிருந்து ஏதேனும் ஓர் ஆசிரியரின் மூலநூல் என்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வாசிப்புக்கு வந்துவிடுவார். நடுவில் கிரேக்க வரலாறு, உரோமை வரலாறு, தொல்லியல் ஆகியவற்றில் இரண்டு பாடங்களைச் செருகினால் மூன்றாம் ஆண்டில் மைனர் நிறைவுறும். இரண்டாம் ஆண்டில் தொடங்குபவருக்கும் நேரம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் தொடங்குபவருக்கு ஒரு பாடத்தில் சறுக்கினாலும் மைனர் கைநழுவும், ஏனெனில் மொழிப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள். ஒன்றில் அரியர் வைத்துக்கொண்டு அடுத்ததில் உட்கார விடமாட்டார்கள். பொறியியலோ கணினி அறிவியலோ முதன்மைப் பாடமாக இருப்பவர், ஆய்வகங்கள் மிகும் பருவத்தில் இடைநிலை இலத்தீனை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மைனரைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாம் பருவத்தில்தான் கைவிடுகிறார்கள்.

ஆறாம் படி: ஆய்வுக் கட்டுரையை நம் கரையிலிருந்து எழுதுதல்

மைனரின் இறுதியில் பெரும்பாலான துறைகள் ஒரு கட்டுரை கேட்கும். சீசரைப் பற்றியோ ஏதென்ஸின் மக்களாட்சியைப் பற்றியோ எழுதலாம். ஆனால் உடன் படிக்கும் எவருக்கும் எட்டாத சான்றுகள் நம் பக்கத்தில் கிடக்கின்றன. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல்தாள்) ஏடு ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் உடன்படிக்கையையும் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கு மதிப்பையும் கிரேக்கத்தில் பதிவு செய்திருக்கிறது. அது 1985-இல்தான் வெளியிடப்பட்டது. அகநானூற்றின் 149-ஆம் பாடல் அதே முசிறிக்கு யவனர் மரக்கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது. ஒரே வணிகத்தைக் கடன் கொடுத்தவர் பக்கத்திலிருந்தும் துறைமுகத்தின் பக்கத்திலிருந்தும் மூல மொழிகளில் படிக்கக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலரே. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிக்கேயிலும் குசெயர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

களத்துக்குப் போவதும் எளிது. புதுச்சேரிக்கு அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களை உரோமையர் கட்டியவை என்று எண்ணி ஏமாறாதீர்கள், அவை 18-ஆம் நூற்றாண்டு மிஷன் கட்டடத்தின் எச்சம். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. மதுச்சாடிகளின் துண்டுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும், உரோமை நாணயங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பற்று எப்படித் தடம் மாற்றும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு நம்மிடமே உண்டு. இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி ‘அர்கதோஸ்’ என்றும் ‘சோரா’ என்றும் இரு பெயர்களைச் சேர்த்துச் சொல்கிறார். ஆற்காட்டுக்காரர் எவரும் உடனே உள்ளம் பூரிப்பார். ஆனால் கிரேக்கத் தொடரின் வேற்றுமை உருபு, அர்கதோஸ் என்பவனின் அரசிருக்கை சோரா என்றுதான் சொல்கிறது. அதாவது ஆள் பெயர் அர்கதோஸ், ஊர்ப் பெயர் சோரா. கால்டுவெல் இந்த இரண்டையும் இடம் மாற்றி, அர்கதோஸ் ஆற்காடாகவும் சோரர் சோழராகவும் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியா என்று முடிவு செய்ய, ஒரு ஆறாம் வேற்றுமை உருபை ஒதுக்கிவைக்க எவ்வளவு சான்று வேண்டும் என்று கேட்கத் தெரிய வேண்டும். நல்ல கட்டுரைக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

ஏழாம் படி: வீட்டிலும் துறையிலும் பேசுதல்

இதனால் நேரடியாக வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டால், கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். சட்டம், தொல்லியல், அருங்காட்சியகம், மொழியியல், இறையியல் ஆகியவற்றுக்குப் போகிறவருக்கு இது உறுதியான துணை. மருத்துவச் சொற்களுக்கும் உதவும், ஆனால் அதற்காக மட்டும் மைனர் எடுக்கத் தேவையில்லை. முதுகலை, ஆய்வுப் பட்டம் என்று இதே துறையில் தொடர எண்ணுபவர், மைனரளவு மொழி போதாது என்பதையும், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு மொழிப் பயிற்சிகள் இருப்பதையும், பிற்பாடு ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்க வேண்டிவரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, நான்காண்டுக்குள் முடிந்துவிட்டால் மைனருக்கென்று தனிச் செலவு பொதுவாக இல்லை. ஒரு பருவம் நீண்டால் அந்தச் செலவு பெரிது.

துறைக்குக் கடிதம் எழுதும் வேலையை, சேர்க்கை முடிவு வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். இளங்கலை ஆலோசகர் என்று பெயர் குறிப்பிட்டிருக்கும் பேராசிரியருக்கு பத்து வரிகளுக்கு மேற்படாமல் எழுதுங்கள். நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்பதைப் பாட எண்ணோடு சொல்லுங்கள்; தமிழும் வேறு எந்தச் செவ்வியல் மொழியும் தெரியும் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள், அதைப் பெருமைக்காகச் சொல்லாமல் எந்த நூலைப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: நுழைவுநிலைத் தேர்வு எழுதி இரண்டாம் பருவ வகுப்பில் சேர முடியுமா, தொடக்கநிலைப் பாடங்கள் மைனரில் எண்ணப்படுமா, இறுதிக் கட்டுரையில் சங்கப் பாடலை மூலச் சான்றாகக் காட்ட இசைவு உண்டா. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் துறை அலுவலகத்துக்கு ஒரு படியை அனுப்பிவிட்டு, ஓர்பெர்க்கின் அடுத்த பாடத்தைத் திறந்துகொள்ளுங்கள்.